உண்ணிக் குறிப்பேடு

அண்ணனின் சாமான்களை எடுக்க, அருந்ததி கொட்டாஞ்சேனை விடுதியிலிருந்து வெள்ளவத்தை அறைக்குப் பட்டப்பகலில்தான் வந்தாள். அண்ணன் நமசிவாயத்தைப் பொலிஸ் கொண்டுபோய் மூன்று மாதம். ஒரு தகவலும் இல்லை. கதவைத் திறந்தவன் பாலசுந்தரம். அண்ணனின் அறைத்தோழன், தையில் அவளுக்குத் தாலி கட்டப்போகிறவன். ஆள் கருவாடாய்க் காய்ந்திருந்தான்.

"காய்ச்சல் விடுகுதில்லை," என்று கட்டிலில் சாய்ந்தான்.

மேசையில் அண்ணனின் கண்ணாடிக் குழாய்கள். மிருக வைத்திய ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன், நாய்களில் பிடுங்கிய உண்ணிகளை அறைக்கும் கொண்டுவருவான். அவள் மூக்கைப் பொத்தினால் சிரிப்பான். "உண்ணியை விடு, அதுக்குள்ள இருக்கிற கிருமியளைப் பார். முதல் குடிவந்தது, சிலவேளை பிறகு வாறதை அண்ட விடாது."

மூன்று மாதப் பட்டினியில் குழாய்களுக்குள் உண்ணிகள் தட்டையாகக் கிடக்கவேண்டும்.

எல்லாம் கொழுத்திருந்தன.

பச்சை இரத்த வாடை அடித்தது. குறிப்பேட்டைத் திறந்தாள். அண்ணனின் சரிந்த எழுத்து. கடைசிப் பக்கத்தில் இன்றைய திகதி.

'இரத்தம் கொடுப்பவர்: பாலசுந்தரம். காய்ச்சல் 104.'

மை காயவில்லை.

"இதில ஆர் எழுதினது?" அவனிடம் நீட்டினாள்.

"அதை ஒருத்தரும் தொடேல்லை."

பக்கங்களுக்குள்ளிருந்து ஒரு தாள் விழுந்தது. குடியிருப்போர் பெயர்களைப் பொலிசுக்குக் கொடுக்கும் படிவத்தின் காபன் பிரதி. அதில் பெயரில்லாத தமிழரைப் பொலிஸ் பிடித்துப்போகும். வீட்டுக்காரி நாகேஸ்வரிக்குச் சிங்களம் வராது. பாலாதான் நிரப்பிக் கொடுப்பான். "அவன்ர பேரையும் பதிஞ்சனான், அப்பிடியிருந்தும் கொண்டுபோட்டாங்கள்," என்று அருந்ததியின் கையைப் பிடித்து அழுதவனும் அவன்தான். நாலு வருடம் கொழும்பில் இருந்ததில் அவள் சிங்களம் வாசிப்பாள். நாகேஸ்வரி. பாலசுந்தரம். அவ்வளவுதான்.

"அண்ணான்ர பேர் எங்க?"

அவன் சுவரைப் பார்த்தான். "ஒரு அறையில ரெண்டு யாழ்ப்பாணப் பெடியள் எண்டால் ரெண்டு பேரையும் கொண்டுபோவாங்கள். நான்தானே முதல் வந்தனான்."

கூட இருந்தே குழி பறித்தவன். அந்தக் கையைப் பிடித்து, அவனுக்கு ஆறுதலும் சொல்லியிருந்தாளே! அருந்ததி தாளைக் குறிப்பேட்டுக்குள் திணித்தாள்.

"காதுக்குப் பின்னால கடிக்குது," என்று முனகினான். "ஒருக்கால் பாரும்."

குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறத்தில், கடலையளவில் ஒன்று கவ்விக் கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"ஒண்டுமில்லை," என்றாள்.

குறிப்பேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். காலி வீதியில் பஸ் ஏறி உட்காரும்வரை அதைக் கையிலிருந்து விடவில்லை. உட்கார்ந்ததும் திறந்தாள்.

கடைசி வரிக்குக் கீழே, அதே சரிந்த எழுத்தில், ஈரமாக இன்னொரு வரி.

'தங்கச்சி பார்த்தாள். உண்ணியை எடுக்கவில்லை.'