வெட்டிய ஒயர்

தம்பியை இன்றைக்கு எப்படியாவது மருத்துவரிடம் கூட்டிப் போய்விடுவது என்ற முடிவோடுதான் அக்கா அவன் வீட்டு மாடிப்படி ஏறினாள். தையற்கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருந்தாள். அவசரத்தில் பைக்குள் போட்ட துணிக்கத்தரி தோளில் கனத்தது. மனநல மருத்துவரிடம் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதையும் விட்டால் தம்பியின் மனைவியும் குழந்தையும் திரும்பி வரப்போவதில்லை.

லிஃப்ட் மெக்கானிக்காக ஊரையே ஏற்றி இறக்கியவன், இப்போது தன் அறையைவிட்டே இறங்குவதில்லை. ஆன்லைன் விளையாட்டு முதலில் தூக்கத்தைத் தின்றது, பிறகு வேலையைத் தின்றது. மிச்சம் இருந்தது அவன்தான்.

வெளியே உச்சி வெயில். அறைக்குள் இருட்டு. கெட்டுப்போன சாப்பாட்டு வாடையோடு, ஓய்வே இல்லாமல் ஓடிச் சூடான கம்ப்யூட்டரின் வாடையும் கலந்து அடித்தது. அவன் முதுகு மட்டும் தெரிந்தது. திரையில் ஒருவன் நீண்ட தாழ்வாரத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனான்.

"கெளம்புடா. டாக்டர் நமக்காகக் காத்திருக்க மாட்டாரு."

செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவன் தலையிலிருந்த ஹெட்போனை வெடுக்கென்று பிடுங்கினாள்.

அதற்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது.

"ஊசி, நீயா?"

உலகத்தில் அவளை ஊசி என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். அக்கா என்று அவன் வாயில் வந்ததே இல்லை. குனிந்து பார்த்தாள். நாற்காலியில் இருந்தவனின் உதடு அசையவில்லை.

"அங்க உக்காந்திருக்கறது நான் இல்ல, ஊசி. நான் உள்ள மாட்டிக்கிட்டேன். வழி கிட்டதான் இருக்கு. அணைச்சிடாத. கொஞ்ச நேரம் குடு."

கொஞ்ச நேரம்.

வேலை போன அன்றும் இதைத்தான் சொன்னான். மனைவி பெட்டியோடு வாசலில் நின்றபோதும் இதைத்தான் சொன்னான். குரலைப் பதிவு செய்து வைத்து ஏமாற்றுகிறான் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. யாரையும் ஒரு காகிதத்தைக்கூட வெட்ட விடாத துணிக்கத்தரியைப் பையிலிருந்து எடுத்தாள்.

"வேணாம், ஊசி."

இணைய ஒயரையும் ஹெட்போன் ஒயரையும் சேர்த்து வெட்டினாள்.

திரையில் அந்தத் தாழ்வாரம் இருண்டது.

நாற்காலி மெல்லத் திரும்பியது.

"போலாமா, அக்கா?" என்றான் அவன், சிரித்த முகமாக.

மருத்துவர் மெச்சினார். மனைவி குழந்தையோடு திரும்பி வந்தாள். "நீங்க இல்லன்னா எங்க குடும்பமே இல்ல, அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா யாரிடம் போய் என்ன சொல்வாள்? சொன்னால் அதே மருத்துவரிடம் அடுத்து அவளைத்தான் கூட்டிப் போவார்கள். ஹெட்போனைக் கடைக்கு எடுத்து வந்து, வெட்டிய ஒயரை ஒட்டி ஒட்டிப் பார்த்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. என் கையாலேயே வெட்டிவிட்டேனே என்று தையல் மெஷின்மேல் தலைவைத்து அழுதாள்.

ஒரு மத்தியானம், கடையில் தையல் பெட்டிக்குள் ஏதோ கரகரத்தது.

எதிலும் சொருகாத ஹெட்போன்.

"ஊசி… எல்லாக் கதவையும் தட்டிட்டேன். லைட்டப் போடேன்."

அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இருடா. எங்கயும் போயிடாத. நான் இருக்கேன்."

வாசலில் நிழல் விழுந்தது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் நின்றிருந்தான்.

"அதப் பெட்டில வச்சி மூடு, அக்கா" என்றான் மெதுவாக.

குழந்தை அவன் தோளிலிருந்து நிமிர்ந்து, அவள் கையிலிருந்த ஹெட்போனை நோக்கிக் கை நீட்டியது.

"அப்பா" என்றது.