உடங்காட்டில் ஒரு நன்றி குறைந்தது

"அண்ணாச்சி, வந்துட்டேன். ரொம்ப நன்றி!"

உடங்காட்டுச் சிறு விமான நிலையத்தில் இறங்கும் எந்த விமானியும் இதைச் சொல்லாமல் கதவைத் திறப்பதில்லை. அண்ணாச்சி ஆள் இல்லை. தரையிறக்கி என்னும் எந்திரம். வருகிற சிறு விமானத்தை வானிலேயே தன் பிடிக்குள் கொண்டுவந்து, அலுங்காமல் ஓடுபாதையில் இறக்கி, ஓரமாய் நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிடும். விமானி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். எந்திரத்துக்கு எதுக்குய்யா நன்றி என்று அதை நிறுவ வந்த பொறியாளர்கள் சிரித்தார்கள். இருக்கட்டுமே! உயிரோடு இறக்கிவிடுகிறவருக்கு ஒரு வார்த்தை சொன்னால் வாயா வலிக்கும்?

அன்று பியூலாவின் விமானம் வந்தது. தூரத்து ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். வழக்கம்போல அழகாக இறங்கி நின்றது. விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் சுடலைமுத்து கேன்டீன் வாசலில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ஒலிபெருக்கி பேசியது.

"சுடலை, பியூலா இன்னும் இறங்கலை."

"என்ன அண்ணாச்சி, வண்டி கண்ணு முன்னால நிக்கி!"

"நன்றி வரலையே."

"போன்ல பேசிக்கிட்டு இருப்பா. விடுங்க."

"சக்கரம் தரையைத் தொடணும், வண்டி நிக்கணும், இன்ஜின் அணையணும், நன்றி சொல்லணும். எல்லாரும் அப்படித்தான் இறங்குதாங்க. இவ இறங்கலை. ஓடிப் போய்ப் பாரு."

சுடலைமுத்து டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். பியூலாவின் தலை மார்பில் தொங்கிக் கிடந்தது. இன்ஜினிலிருந்து கசிந்த, மணமே இல்லாத நச்சுப்புகை விமானி அறைக்குள் நிறைந்து, வானத்திலேயே அவளை மயக்கியிருந்தது. இழுத்து வெளியே போட்டார். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே கிடந்திருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

உடங்காடே நெகிழ்ந்துபோனது. ஒலிபெருக்கிக்கு மாலை போட்டார்கள், அல்வா கொடுத்தார்கள். விமானிகள் சங்கத் தலைவர் தேவசகாயத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே அண்ணாச்சிக்கு நன்றி சொல்ல ஒருத்தரும் மறந்துரக் கூடாது!"

சங்கமே ஒவ்வொரு விமானத்திலும் ஒரு நன்றிசொல்லியைப் பொருத்தியது. விமானம் நின்றதும் விமானியின் குரலிலேயே அது நன்றி சொல்லிவிடும். என்ன மரியாதை, என்ன நயம்!

உடம்பு தேறி பியூலா மறுபடி பறந்தாள். அண்ணாச்சிக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் நெஞ்சு விம்மிக்கொண்டே வந்தாள். விமானம் நின்றது. அவள் வாயைத் திறப்பதற்குள் கருவிப்பலகை பேசியது.

"அண்ணாச்சி, வந்துட்டேன். ரொம்ப நன்றி!"

"நல்லது தாயி," என்றது ஒலிபெருக்கி.

பியூலா, அன்று மயங்கிக் கிடந்தது போலவே, வேண்டுமென்றே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தாள். நேரம் போயிற்று. கேன்டீன் வாசலில் சுடலைமுத்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நிமிர்ந்து, நன்றிசொல்லியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

"அண்ணாச்சி, நான் பியூலா. வந்துட்டேன்..."

"அதான் அப்பவே சொல்லிட்டியே, தாயி."