ஆள் இருக்கு

கழிவறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கைப்பிடிக்கு மேலே இருந்த சின்ன வட்டத்தில் சிவப்பு தெரிந்தது.

பத்துமலை அதைப் பார்த்தபடி நின்றான். சீனப் பெருநாளின் இரண்டாம் நாள். ஜெலாப்பாங் தொழிற்பேட்டை முழுவதும் பூட்டிக் கிடந்தது. இந்தக் கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை செய்கிற சீனர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் கிடைத்த லீவை விடவில்லை. நேற்றைய ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் உள்ளே கிடப்பவன் அவன் ஒருவன்தான். கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் உறுத்தியது. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளலாம் என்று வந்தான்.

தட்டினான்.

"ஆடா ஓராங்" என்றது உள்ளே ஒரு குரல்.

ஆள் இருக்கு. கழிவறைக் கதவைத் தட்டினால் இந்த நாட்டில் எல்லாரும் மலாயில் சொல்கிற பதில்தான். ஆனால் அந்தக் குரல் கட்டியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனின் குரல் மாதிரி இல்லை. நீளமான தகரக் குழாயின் மறுமுனையிலிருந்து ஊர்ந்து வருவதுபோல் இருந்தது. களைத்துப்போன குரல். வாசல் காவலுக்கு இருக்கிற ஜாகா ராமையாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பத்துமலை வெளியே போனான்.

வாசல் கேட்டில் ராமையா நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க இங்கயா இருக்கீங்க? அப்ப டாய்லட்ல யாரு?"

"என்னயக் கேட்டா? காலையிலேருந்து இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கல. முட்டி வலிலா."

"ஆள் சத்தம் கேட்டுச்சு."

"புள்ள பொறந்ததுலேருந்து நீ எங்கப்பா தூங்குன? உனக்குக் காத்தடிச்சாலும் ஆள் சத்தமாத்தான் கேக்கும்." அவர் ஒரு சுளையை நீட்டினார். "பேரு வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"என்னா பேரு?"

"இப்ப இல்ல. வேலைய முடிச்சிட்டுப் போறப்ப சொல்றேன்."

"அடேங்கப்பா, கவர்மெண்டு ரகசியம்! போறப்ப சொல்லு, பை நெறைய ஆரஞ்சு தாரேன். மொதலாளி தவுக்கே குடுத்தது, திங்க ஆள் இல்ல."

தூரத்தில் சீனர்களின் வீட்டுப் பக்கம் சிங்க நடனத்து மத்தளம் கேட்டுக்கொண்டிருந்தது. மதிய வெயில் தார் ரோட்டில் நெளிந்தது. பத்துமலை மனதுக்குள் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். கயல்விழி. வாய் திறந்து இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. மனைவி மங்களத்துக்குக்கூடத் தெரியாது.

திரும்பி வந்தபோது சின்ன வட்டம் பச்சையாக இருந்தது. கைப்பிடியைத் திருப்பிக் கதவைத் திறந்தான். யாரும் இல்லை. விளக்கு எரிந்தது. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே கோடாலித் தைலம் மணத்தது. தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். தைலப் புட்டி பையில்தான் இருந்தது, இன்று அதைத் திறக்கவில்லை. மோப்பம் பிடிப்பதுபோல் இரண்டு முறை மூச்சை இழுத்தான். பிறகு, யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல், குழாயை இறுக்கி மூடி, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனான். முகம் கழுவ வந்ததே மறந்துபோயிற்று.

கம்ப்யூட்டர் அறைக்குச் சன்னல் கிடையாது. உள்ளே நுழைந்தால் வெளியே பகலா இரவா என்று தெரியாது. குளிர்சாதனம் ஓயாமல் உறுமும். அங்கே இருந்தது ஒரே ஒரு பெரிய மெஷின். ஆனால் அதற்குள் பல மெஷின்களைத் தடுத்து வைத்திருந்தார்கள். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் அவன் பிறந்த லயம் மாதிரி அது. ஒரே தகரக் கூரை, நடுவே பலகைத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு குடும்பம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது தனி வீடு. ஒரு தடுப்பில் ரப்பர் தோட்டங்களின் கணக்கு ஓடியது, இன்னொன்றில் ஈயக் கம்பெனியின் கணக்கு. ஒவ்வொன்றும் தான் மட்டுமே முழு மெஷின் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கூரையில், பெரிய மெஷினில், பழுது கண்டால், அதை அடைக்கிற பேட்ச் கோலாலம்பூரிலிருந்து டேப்பில் வரும். அதைப் பெரிய மெஷினில் போடுவதற்கு முன்னால் எல்லாத் தடுப்புகளையும் காலி செய்ய வேண்டும். கிளம்பச் சொல்லி அறிவிப்பு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து பதில் வந்தால் யார் என்று விசாரிக்காமல் அந்தத் தடுப்பை வெட்டக்கூடாது. மேலாளர் சதாசிவம் இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

கடைசித் தடுப்பு சோதனைக்கு உரியது. பெரிய மெஷினின் நகல் அதில் இருந்தது, அச்சு அசலாக. பேட்சை முதலில் நகலில் போட்டுப் பார்ப்பார்கள். படுத்தால் நகல் படுக்கட்டும். எழுந்தால் அசலில் போடலாம். "அந்த நகலக் கேட்டுப் பாரு மச்சான்" என்று கூட வேலை பார்க்கிற ஷரபுதீன் சொல்லிச் சிரிப்பான். "நான்தான் ஒரிஜினல், நீதான் காப்பின்னு சொல்லும்."

இன்று காலையில் பேட்சை நகலில் போட்டாயிற்று. நன்றாகவே எழுந்தது.

தொலைபேசி அடித்தது. மங்களம், ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே இருந்த காசு போனிலிருந்து.

"வார்டு மிஸ்ஸி வீட்டுக்குப் போகத் துண்டு குடுத்துட்டாங்க. இன்னிக்குக் கட்டில காலி பண்ணணுமாம். இன்னும் முடியலையா?"

"முடிஞ்சிரும். என்னா பண்றா?"

"கத்துறா. உங்க மகதானே, வாயத் தொறந்தா மூட மாட்டேங்குறா."

"அது உன்னய மாதிரி."

அவள் சிரித்தாள். தையல் போட்ட வலியில் சிரிப்பு பாதியில் நின்றது. "அடுத்த கட்டில்காரி போயிட்டா. வார்டுல நான் மட்டுந்தான். வந்துருவீங்கல்ல?"

"மோட்டார்ல வாரேன், அங்கேருந்து டாக்சி புடிச்சிக்கலாம். நான் வராம வேற யாரு வருவா?"

போனை வைத்துவிட்டு அறிவிப்பை அனுப்பினான். ஒவ்வொரு தடுப்பாகத் திரையிலிருந்து பெயர் மறைந்தது. தோட்டம் போயிற்று. ஈயம் போயிற்று. கடைசியில் ஒரே ஒரு பெயர் மட்டும் நின்றது. சோதனைத் தடுப்பு. அதில் யாரும் இருக்க முடியாது. அதைத் திறக்கிற கடவுச்சொல் அவனுக்கும் ஷரபுதீனுக்கும்தான் தெரியும்.

மறுபடியும் அறிவிப்பு அனுப்பினான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஊர்ந்தது.

ஆடா ஓராங்.

குளிர்சாதனத்தின் காற்று கழுத்தில் பட்டது. பத்துமலை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தச் சொற்கள் மறைந்தன. உடனே திரும்பவும் வந்தன. பிறகு ஒன்றின் கீழ் ஒன்றாக, வேகமாக, கதவை அறைகிறவன் கை மாதிரி.

ஷரபுதீனுக்குப் போன் செய்து கேட்கலாம். தைப்பிங்கில் மாமியார் வீட்டில் இருப்பான். எண் தேட வேண்டும். மங்களம் கட்டில் ஓரத்தில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருப்பாள்.

"ஷரபு, ஒன் வெளையாட்டெல்லாம் நாளைக்கு வச்சிக்கடா" என்று வாய்விட்டுச் சொன்னான். "எனக்கு வீட்டுக்குப் போகணும்."

வெட்டுகிற கட்டளையைத் தட்டினான். சோதனைத் தடுப்பின் பெயர் திரையிலிருந்து போயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. டேப் சக்கரத்தை மாட்டினான். அது முன்னும் பின்னும் துடித்துச் சுழன்றது. பேட்ச் ஏறியது. மெஷினை நிறுத்தி மறுபடியும் கிளப்பினான். விளக்குகள் வரிசையாக எரிந்தன. நாற்காலியில் சாய்ந்து ஒரு நொடி கண்ணை மூடினான். ஒரு நொடிதான்.

கண்ணைத் திறந்ததும் முகம் கழுவவில்லை என்பது ஞாபகம் வந்தது. குழந்தையை இந்த மூஞ்சியோடு தூக்கக் கூடாது.

கழிவறைக்குப் போய்த் தாழிட்டான். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான். நெற்றி விண்ணென்று தெறித்தது. பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து இரண்டு பொட்டிலும் தேய்த்தான். எரிச்சல் இதமாக இருந்தது. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் கவனித்தான்.

சத்தம் இல்லை. குளிர்சாதனத்தின் உறுமல் இல்லை. மத்தளம் இல்லை. மூடிய குழாயிலிருந்து நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீருக்கும் சத்தம் இல்லை.

பிறகு நடைச் சத்தம். களைத்த கால்கள், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றன. வெகுநேரம் நின்றன.

தட்டல்.

"ஆடா ஓராங்" என்றான், பழக்கத்தில்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் குரல் காதில் விழுந்தது. கட்டிப்போன குரல். தகரக் குழாய்க் குரல்.

கால்கள் திரும்பிப் போயின.

தாழைத் திருப்பினான். வட்டம் பச்சையானது. கதவு அசையவில்லை. தோளால் இடித்தான். சுவரை இடிப்பதுபோல் இருந்தது. "ராமையாண்ணே!" என்று கத்தினான். கத்தல் இரண்டு அடி போய் விழுந்தது.

கால்கள் மறுபடியும் வந்தன. கைப்பிடி திரும்பியது. கதவு லேசாகத் திறந்தது.

வாசலில் பத்துமலை நின்றான்.

அதே சட்டை. அதே சிவந்த கண். கையில் ஆரஞ்சு வாசனை. அவன் உள்ளே பார்த்தான். நேராகப் பார்த்தான், ஒரு கை தூரத்தில், காலி இடத்தைப் பார்க்கிற மாதிரி. தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். மூச்சை இழுத்தான். இரண்டு முறை.

உள்ளே இருந்தவன் அவன் கையைப் பிடித்தான். பிடித்த இடத்தில் ஒன்றும் இல்லை. வாசலில் நின்றவனின் கை மட்டும் நீண்டு வந்து குழாயை இறுக்கி மூடியது.

விளக்கு அணைந்தது. கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு. தைல நெடி. கையால் துழாவினான். கதவு இருந்த இடத்தில் தாழ் இல்லை. கைப்பிடி இல்லை. சுவர். வழவழவென்று ஒரே சுவர்.

எங்கோ தொலைபேசி அடித்தது. அந்தச் சத்தம் மட்டும் தெளிவாக வந்தது. பிறகு தன் குரல். "அது உன்னய மாதிரி." மெல்லிய சிரிப்பு. அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டான். பொத்தியும் கேட்டது.

"நான் வராம வேற யாரு வருவா?"

சுவரை அறைந்தான். ஆள் இருக்கு. ஆள் இருக்கு. இரண்டு கையாலும் அறைந்தான். ஆள் இருக்கு, வெட்டாதே, ஆள் இருக்கு. எத்தனை விதமாகக் கத்தினாலும் அங்கே போய்ச் சேருவது அந்த இரண்டு சொல்தான். அவன் பார்த்திருக்கிறான். ஒன்றின் கீழ் ஒன்றாக, பச்சையாக.

"ஷரபு, ஒன் வெளையாட்டெல்லாம் நாளைக்கு வச்சிக்கடா."

"வேண்டாம்" என்றான்.

"எனக்கு வீட்டுக்குப் போகணும்."

விசைகள் தட்டப்பட்டன. கடைசி விசை கொஞ்சம் பலமாக.

காலுக்குக் கீழே தரை போயிற்று. பிறகு கால். தைல நெடி போயிற்று. மங்களத்தின் முகத்தை நினைத்துப் பார்த்தான். அவள் சிரிப்பு வந்தது, முகம் வரவில்லை. பெயர் மட்டும் இருந்தது. அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான்.

வெகு தூரத்தில், வெயிலில், கேட் திறக்கும் சத்தம். மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம். வழக்கம்போல் மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது.

"இந்தாப்பா, ஆரஞ்சு" என்றது ராமையாவின் குரல். "இப்பவாச்சும் சொல்லு. புள்ளைக்கு என்னா பேரு?"

"கயல்விழி" என்றான் மோட்டார் சைக்கிளில் இருந்தவன்.