வாத்து தைத்த நூல்

“இன்னிக்கும் வாத்தா?”

வார்வரா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கறுப்புக் கம்பளி உடை, தலையில் கறுப்புத் துணி. நேற்று சாயங்காலம் கபரோவ்ஸ்க் ரயிலில் வந்து இறங்கியதிலிருந்து அவள் இந்த வீட்டில் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

தைசியா வாத்தை அடுப்புத் தீயில் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தாள். பிடுங்கியும் போகாத பூஞ்சிறகுகள் சடசடவென்று கருகின.

“உங்களைத்தான் கேக்குறேன், தைசியா பெத்ரோவ்னா. நாப்பதாம் நாளுக்கு எல்லா வீட்டுலயும் அப்பம் வைப்பாங்க, மீன் வைப்பாங்க. நீங்க வாத்து வைக்கிறீங்க. அதுவும் உருளைக்கிழங்கோட!”

“அவரு கேட்டாரும்மா... ஆஸ்பத்திரில கடைசியா...”

“அப்பா கேட்டாரா? அது எங்கம்மாவோட வாத்து. அந்தச் சாப்பாட்டுலயாவது உங்க கை படாம விட்டிருக்கலாம் இல்ல?”

 தைசியா வாத்தைப் புரட்டி மறுபக்கத்தைத் தீயில் காட்டினாள்.

“ஞாயித்துக்கிழமை வீட்டைப் பாக்க ஆளுங்க வராங்க,” என்றாள் வார்வரா, சுவரைப் பார்த்தபடி. “முன்னாடியே சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலன்னு சொல்லக் கூடாது.”

“பெட்டி கட்டியாச்சு, வார்யா. சாயங்கால வண்டிக்குப் போயிடுவேன். அமூர்ஸ்க்ல அக்கா இருக்கா.”

இத்தனை சுலபமாக அந்தப் பதில் வரும் என்று வார்வரா எதிர்பார்க்கவில்லை போலும். சண்டைக்கு என்று சேர்த்து வைத்திருந்த சொற்கள் அப்படியே மிஞ்சின. கல்லறைக்குப் போக மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, கதவைப் படாரென்று அடைத்துவிட்டு வெளியே போனாள்.

அவள் போன பிறகுதான் தைசியா உட்கார்ந்தாள்.

இருபத்தேழு வருஷம் இந்த வீட்டில் வாழ்ந்தும், காகிதத்தில் அவள் இங்கே யாருமில்லை. வார்வராவின் அப்பா ஸ்தெபானின் முதல் மனைவி லீதியா ஒரு கப்பல் மெக்கானிக்கோடு மேற்கே போனவள் போனவள்தான். எங்கே இருக்கிறாள் என்றே தெரியாதபோது விவாகரத்துக்கு யார் அலைவது? ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று ஸ்தெபான் சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது. வீடு மகளுக்கு. அது நியாயமும்கூட என்றுதான் தைசியா நினைத்தாள். வீட்டைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. வருத்தம் எல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். இன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு போனால், அந்த முகத்தை இனி எந்தச் சாக்கில் பார்ப்பது?

இந்த வீட்டுக்கு அவள் வந்தபோது வார்வராவுக்கு ஏழு வயது. புதியவள் கையால் எதைக் கொடுத்தாலும் குழந்தை பல்லை இறுகக் கடித்துக்கொண்டது. கஞ்சி, சூப், அப்பம்... எதுவும் உள்ளே போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் ரொட்டியில் உயிர் ஓடியது. விலா எலும்பை எண்ணிவிடலாம். “அம்மா வாத்து சுட்டுத் தருவா... உருளைக்கிழங்கு போட்டு... அதுதான் வேணும்” என்று காய்ச்சலில் ஒருநாள் முனகியது.

புத்தாண்டுக்கு முந்தின நாள் தைசியா அடுத்த வீட்டுக் கிளாவ்தியாவின் அடுப்பில் ஒரு முழு வாத்தை, வயிற்றில் புளிப்பான காட்டுப்பழம் அடைத்து, சுற்றிலும் உருளைக்கிழங்கு போட்டுச் சுட்டாள். தாழ்வாரத்துக் குளிரில் விறைக்க விட்டுத் துணியில் கட்டினாள். ஸ்தெபான் அதைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம்வரை நடந்து, அப்படியே திரும்பி வந்தான். “வார்யா! உங்கம்மா அனுப்பியிருக்கா, வண்டி நடத்துநர்கிட்ட குடுத்து விட்டிருக்கா!” என்றான். அந்த ஊரில் பாதிப் பேருக்குப் பொருள்கள் அப்படித்தான் வரும்.

குழந்தை அன்றைக்குச் சாப்பிட்டது! விரல்களில் நெய் வழிய வழிய, உருளைக்கிழங்கை மசித்து மசித்துச் சாப்பிட்டது. தைசியா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, “எனக்கு வாத்து ஒத்துக்காது” என்றாள். திரும்பியிருந்தால் முகம் காட்டிக் கொடுத்திருக்கும்.

அந்த ஒருமுறையோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை. அடுத்த டிசம்பரில் குழந்தை பத்து நாளாக ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தால் எப்படி நிறுத்துவது? வார்வராவுக்குப் பதினேழு ஆகும்வரை வருஷம் தவறாமல் வாத்து வந்தது. அந்த வாத்துதான் தைசியாவைக் குற்றவாளியாக்கியது. இத்தனை ஆசையாக அனுப்புகிற அம்மா நேரில் ஏன் வரவில்லை? யாரோ தடுக்கிறார்கள். யார்? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்!

அம்மாவுக்கு என்று அந்தச் சிறுமி எழுதிக் கொடுத்த கடிதங்களை ஸ்தெபான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், கண் சிவந்து திரும்பி வருவான். “சொல்லிடலாம் தாஸ்யா” என்பான் தைசியாவிடம். “சொன்னா அவளுக்கு என்ன மிஞ்சும்?” என்று கேட்பாள் அவள்.  ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்டது ஒன்றுதான்: “என் நாப்பதாம் நாளுக்கு... அந்த வாத்தை வை.”

எதற்குக் கேட்டான் என்று அவளுக்குத் தெரியாமலில்லை: அந்த ருசியே மகளிடம் உண்மையைச் சொல்லிவிடட்டும் என்று. மறுக்கவும் மனம் வரவில்லை. ஆனால் அவளும் யோசித்துத்தான் வைத்திருந்தாள். காட்டுப்பழம் வேண்டாம். பூண்டை நசுக்கித் தடவினால் ருசி அடையாளம் தெரியாது.

“ஏண்டி, கிழங்கை எல்லாம் நீயே உரிச்சுட்டா நான் எதுக்கு வந்தேன்?” என்று பனியை உதறிக்கொண்டு கிளாவ்தியா நுழைந்தாள். கையில் துணி மூடிய அப்பத் தட்டு. நுழைந்ததுமே மூக்கை உறிஞ்சினாள். “பூண்டா? இந்த வாத்துக்கா? பைத்தியமா உனக்கு? மனுஷன் சாகும்போது கேட்டது இதையா?”

“வாயை மூடு கிளாவா.”

“மூட மாட்டேன். பதினோரு வருஷம் என் அடுப்பு எரிஞ்சிருக்கு. விறகும் என்னுது. எனக்கும் பேச உரிமை இருக்கு. வாசல்ல என்ன பெட்டி? போறியா? அந்தப் பொண்ணு போன்னா போயிடுவியா?”

“அவ வீடு.”

“அவ வயிறு யாருதுடி? அதை யாரு நிரப்புனா? நான் சொல்லப் போறேன். இன்னிக்குச் சொல்லியே தீருவேன்.”

தைசியா எழுந்து வந்து அவள் இரண்டு தோள்களையும் பிடித்தாள். “கிளாவா, கேளு. அந்தப் பொண்ணுக்கு அப்பனும் போயிட்டாரு. எங்கேயோ ஒரு அம்மா தன்னை நெனச்சு அடுப்பு முன்னாடி நின்னான்னு ஒரு நெனப்புதான் இருக்கு. அதையும் புடுங்கிட்டு என் பேரை வைக்கணுமா? எனக்கு வேண்டாம். நீ சொன்னா... செத்தாலும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்.”

கிளாவ்தியா முணுமுணுத்துக்கொண்டே கிழங்குகளை இரண்டாக நறுக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயமே இல்லாத பலகையைப் பார்த்து, “இந்த வெங்காயம் வேற...” என்றாள்.

தைசியா வாத்தின் வயிற்றில் கிழங்கை அடைத்து, பெரிய ஊசியில் வெள்ளை நூலைக் கோத்துத் தைக்க ஆரம்பித்தாள். மனம் எங்கெங்கோ இருந்தது. சாயங்கால வண்டி, அக்காவின் ஒண்டுக்குடித்தனம், கல்லறையில் இந்தக் குளிரில் நிற்கும் பெண்... கைகள் தம்பாட்டுக்கு வேலையை முடித்தன.

தட்டில் வாத்தைச் சுற்றிக் கிழங்கைப் பரப்பி அடுப்புக்குள் தள்ளினாள். அவ்வப்போது வெளியே இழுத்து, உருகி வழிந்த நெய்யைக் கரண்டியால் மொண்டு வாத்தின் முதுகிலும் கிழங்கின் மேலும் ஊற்றினாள். நடுப்பகலுக்கு முன்பே கிழங்குகளின் ஓரம் பொன்னிறமாகி, வீடே மணத்தது.

வார்வரா திரும்பி வந்தபோது மேசை தயாராக இருந்தது. தேன் கலந்த கோதுமைச் சோறு, அப்பம், ஸ்தெபானின் இடத்தில் ஒரு கிண்ணம் வோட்கா, அதன் மேல் ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. துக்க மேசை என்பதால் முள்கரண்டி இல்லை, கரண்டிகள் மட்டும். ஸ்தெபானோடு வேலை செய்த மீன்பிடிக் கூட்டுறவு ஆட்கள் சாப்பிட வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவள் உட்காரவில்லை.

“ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அப்பா இருக்கும்போது கேக்க முடியல. எங்கம்மா இங்க வந்தாளா இல்லையா? நான் எழுதுன கடுதாசிக்கு ஒரு பதில்கூட வரல. வருஷா வருஷம் வாத்து அனுப்புறவ ஒரு வரி எழுத மாட்டாளா? நான் ஊரை விட்டுப் போனதும் அதுவும் நின்னு போச்சு... நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட? சொல்லுங்க! நீங்கதான அவளை வர விடல?”

கிளாவ்தியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “அடிப் பாவி, உனக்கு...”

“ஆமா,” என்றாள் தைசியா.



“ஆமா வார்யா. நான்தான் விடல. கடுதாசியையும் நான்தான் நிறுத்தினேன். உங்கம்மா மேல தப்பில்ல.”

சொல்லிவிட்டு அவள் அடுப்பைத் திறந்தாள். வெப்பம் முகத்தில் அடித்ததில் கண்ணீர் யாருக்கும் தெரியவில்லை. வார்வரா இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தேழு வருஷமாக வேண்டியிருந்த பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள் முகத்தில் வெற்றி இல்லை.

“இன்னிக்கு அப்பாவோட நாள்,” என்றாள் கடைசியில். “இல்லைன்னா இந்த மேசையையே கவுத்துருப்பேன்.”

வாத்து மேசைக்கு வந்தது. பூண்டு மணம்தான். வார்வரா அதைக் கவனித்தாள், உதட்டைச் சுழித்தாள். பிறகு, சின்ன வயதில் அப்பா கத்தியை நீட்டி, ‘நூல் இழுக்குறது யாரு?’ என்று கேட்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, குனிந்து நூலின் தலைப்பை அறுத்து இழுத்தாள். நெய்யில் ஊறிப் பழுப்பான நூல் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. அதன் கடைசியில் ஒரு முடிச்சு.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே போய்த் தன் கைப்பையிலிருந்து ஒரு பழைய தேயிலை டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். சுருள் சுருளாக நூல்கள். சில கறுத்திருந்தன, சில தொட்டால் பொடியும்போல இருந்தன. அம்மா கைபட்டது என்று வருஷா வருஷம் அவள் கழுவி எடுத்து வைத்த நூல்கள். விடுதி விடுதியாக, வீடு வீடாக அவளோடு சுற்றிய நூல்கள்.

ஒவ்வொன்றின் முனையிலும் அதே முடிச்சு. இடப்பக்கமாகச் சுற்றி, இரண்டு முறை பூட்டியது.

தைசியாவின் வலது ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது. கூட்டுறவில் வலை பழுதுபார்க்கச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் பனி அறுக்கும் வாளில் போயிற்று. அதிலிருந்து அவள் இடக்கையால்தான் முடிச்சுப் போடுவாள். ஊரில் வேறு யார் முடிச்சும் அப்படித் திரும்பியிருக்காது. ஸ்தெபான் வலையை விரித்து, “பாரு, தாஸ்யா முடிச்சு! மீன் கிழிச்சாலும் இது அவுறாது!” என்று பெருமை பேசும்போதெல்லாம் சிறுமி வார்வரா எழுந்து போய்விடுவாள். எழுந்து போனாலும் கண் பார்த்ததைப் பார்த்துத்தானே இருக்கிறது. மணத்தை மாற்றலாம், ருசியை மாற்றலாம் என்று யோசித்த தைசியாவுக்குத் தன் விரல்களைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

“இது... உங்க முடிச்சு.”

தைசியா அடுப்போடு ஒட்டி நின்றாள்.

“எல்லாமே உங்க முடிச்சு. இது எனக்கு எட்டு வயசுல... இது அம்மை போட்டிருந்தப்போ... எல்லாமே!” வார்வரா சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். “அப்போ எங்கம்மா... ஒண்ணுகூட அனுப்பலையா? ஒரு தடவைகூட?”

“அனுப்பியிருப்பா கண்ணு... வழியில தவறியிருக்கும். அந்தக் காலத்துல வண்டியெல்லாம்...”

“பொய் சொல்லாதீங்க! இன்னமும் பொய் சொல்றீங்களே! இப்பத்தான் நான்தான் தடுத்தேன்னு சொன்னீங்க... எதுக்கு? நான் உங்களைக் காறித் துப்புறதுக்கா?”

“நீ சாப்பிடல வார்யா,” என்றாள் தைசியா மெல்ல. “என் கையால குடுத்தா வாயைத் திறக்கல. செத்துப் போயிடுவியோன்னு பயந்தேன். வேற வழி தெரியல.”

“என்னை வெறுக்க விட்டுட்டீங்களே! இத்தனை வருஷம்... அப்பா சாவுல உங்க பக்கத்துலகூட நிக்கலையே நான்!”

“வெறுத்தா என்ன... சாப்பிட்டியே.”

வார்வரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வயதில் அழாத அழுகை அது. இரண்டு அம்மாக்களுக்காகவும் ஒரே நேரத்தில் வந்தது. ஒருத்தி ஒருநாளும் அவளுக்காக அடுப்பு முன்னால் நிற்கவில்லை. இன்னொருத்தி நின்றது அவளுக்குத் தெரியவில்லை. தைசியா பக்கத்தில் மண்டியிட்டு, தொடலாமா என்று தெரியாமல் கையை நீட்டியபடி இருந்தாள். அந்தக் கையை, நுனி இல்லாத அந்த விரலை, வார்வரா இழுத்துத் தன் முகத்தில் பொத்திக்கொண்டாள்.

கிளாவ்தியா சுவர்க் கண்ணாடியை மூடியிருந்த துக்கத் துணியால் மூக்கைச் சிந்தினாள். “நான் ஒண்ணும் சொல்லலப்பா,” என்றாள். “வாத்துதான் சொல்லிச்சு.”

சற்று நேரம் கழித்து வார்வரா எழுந்தாள். கரண்டியைத் தட்டின் அடிவரைக்கும் விட்டு, நெய்யில் ஊறி ஓரம் மொறுமொறுத்த கிழங்கை எடுத்தாள். வாத்தின் தொடையைப் பிய்த்தாள். இரண்டையும் தைசியாவின் தட்டில் வைத்தாள்.

“எனக்கு வாத்து ஒத்துக்...”

“ஒத்துக்கும். உக்காரு.”

வாசலில் பூட்ஸ் தட்டும் சத்தம் கேட்டது. கூட்டுறவு ஆட்கள் வந்துவிட்டார்கள். வார்வரா முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. தைசியாவின் பெட்டி இடித்தது. அவள் அதைத் தூக்கினாள். இருபத்தேழு வருஷத்துக்கு அது கனமே இல்லை. நேராக அப்பாவின் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“அவங்க உள்ள வர்றதுக்குள்ள அந்தக் கிழங்கைச் சாப்பிடு,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஆறிடும்.”

தைசியா கரண்டியை எடுத்தாள். கண்ணீரில் தட்டு கலங்கித் தெரிந்தது. தான் சுட்ட வாத்தின் கிழங்கை முதல் தடவையாக வாயில் போட்டு மென்றாள். உப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை.