வெளுக்காத ஈறு

கயல் கிளினிக்கின் மஞ்சள் குப்பைப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். “சீக்கிரம் சார்! ஆஸ்பத்திரிக் குப்பை வண்டி லஸ் கார்னர் வந்துடுச்சு!”

தபஸ்ஸும் சுவரோரமாக நின்றாள். இந்த மயிலாப்பூர் பல் கிளினிக்கில் அவள் உதவியாளர். காலையில் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்ட இதய நோயாளி ஒருவர், பத்தே நிமிஷத்தில் நாற்காலியிலேயே இறந்துபோனார். தட்டில் இருந்தது சிவப்பு லேபிள் பாட்டில். அட்ரினலின் கலந்த மரப்பு மருந்து. அவருக்குக் கூடாது என்று சீட்டிலேயே எழுதியிருந்தது. அவள்தான் மாற்றிக் கொடுத்தாள் என்கிறார் டாக்டர் அச்யுத். ஆறு மணிக்குப் போலீஸ்.

“அட்ரினலின் இல்லாத சாதா மருந்துதான் எடுத்தேன் சார். இப்ப யோசிச்சா எனக்கே டவுட்டா கீது.”

அவள் கூப்பிட்டதால் கயலைத் துணைக்கு அழைத்துவந்திருந்த ஓய்வுபெற்ற மருந்து ஆய்வாளர் சந்திரமௌலி நிமிரவில்லை. “பஞ்சு எத்தனை, கயல்?”

“ஒன்பது. அத்தனையும் ரத்தத்துல ஊறியிருக்கு.”

“பல் ஊசியில அட்ரினலின் எதுக்குச் சேர்க்கறா, தெரியுமோ?”

“இதயத்தை ஓட்ட?”

“அது வேற வைத்தியம். இங்கே ரத்தக்குழாயைச் சுருக்க. ஈறு வெளுத்துப்போகும், மரப்பு நீடிக்கும், ரத்தமும் அடங்கும். பத்து நிமிஷத்துக்கு ரெண்டு பஞ்சு தாராளம்.”

மேஜைக்குப் பின்னாலிருந்து அச்யுத் குறுக்கிட்டார். “அவர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவர் சார். கொட்டத்தான் செய்யும்.”

“இருக்கலாம்.” சந்திரமௌலி சிவப்பு பாட்டிலை எடுத்தார். “தபஸ்ஸும், புது பாட்டில் திறந்தா என்ன பண்ணுவேம்மா?”

“பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதுவேன் சார். அப்பறந்தான் மூடியிலயே கை வைப்பேன்.”

கயல் ஃபிரிட்ஜைத் திறந்தாள். திறந்த பாட்டில் ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி, தேதி, தபஸ்ஸுமின் கோணல் கையெழுத்து. சாதா மருந்தில் இன்றைய தேதி. சந்திரமௌலி கையிலிருந்த பாட்டிலிலோ மூடி உடைந்திருந்தது, பிளாஸ்திரி இல்லை.

“இது இவ திறந்த பாட்டில் இல்லை. கிளினிக்ல மொத்தமே ரெண்டு பேர். அவர் போனப்பறம் இதைத் தட்டுல வெச்சது நீங்கதான் டாக்டர். ஊசியில போனது சாதா மருந்துதான். மருந்து சரி, வேலையும் சரின்னா, எதுக்குப் பயந்து இதை மாத்தி வெச்சேள்?”

வாசலில் குப்பை வண்டி ஹாரன் அடித்தது. கயல் பையை முடிச்சுப்போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தபஸ்ஸும் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“இவ கருவி எடுக்க உள்ளே போயிருந்தா,” என்றார் அச்யுத், தரையைப் பார்த்து. “ஊசி போடறதுக்கு முன்னாடியே அவர் சொன்னார், நெஞ்சை அடைக்குதுன்னு. பயத்துல சொல்றார்னு நினைச்சேன். அஞ்சே நிமிஷம், வாயைத் திறங்கன்னேன். திறந்தார்.”