கடிகாரம் இல்லாத சுற்று

இரண்டு பேரும் அடிக்காமல் சும்மா நின்றால் அந்த ஆட்டத்தில் ஒன்றும் நடக்கக் கூடாது. ஆனால் அவள் தடித்த கண்ணாடிக் கோப்பையில் டீயை ஊற்றிக்கொண்டு அறைக்குத் திரும்பியபோது, திரையில் சண்டைக்காரர்களான தாடிக்காரனுக்கும் சடைக்காரிக்கும் பின்னால் நீண்டு போகிற நடைவழியின் கடைக்கோடியில், மங்கலான விளக்குக்கு அடியில் யாரோ நின்றிருந்தார்கள்.

கெடுத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு காலத்தில் கடைகளில் காசு போட்டு ஆடிய பழைய சண்டை ஆட்டம் ஒன்றை இப்போதைய கன்சோல்களுக்காக மறுபடி வெளியிடப் போகிறார்கள். கணவன் அவன் அறையில் உட்கார்ந்து பழைய நிரலைப் பிரித்துப் புதிதாகக் கோர்ப்பான். அவள் தன் அறையில் உட்கார்ந்து அதில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்று தேடுவாள். அதில் ஒரு சோதனை, சும்மா விடுவது. இரண்டு கண்ட்ரோலரையும் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும். யாரும் தொடாமல் மணிக்கணக்கில் கிடந்தால் ஆட்டம் உறைந்து போகிறதா, படம் கோணுகிறதா என்று வந்து பார்க்க வேண்டும். டீ குடிக்கிறதுக்கெல்லாம் சம்பளம் தர்றாங்கம்மா என்று கணவன் கேலி செய்வான். அது பேச்சு இருந்த காலம்.

பழைய ஆட்டத்தில் இந்தச் சோதனையே செய்திருக்க முடியாது. மேலே, இரண்டு பேரின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடுகளுக்கு நடுவில், ஒரு கடிகாரம் ஓடும். அது தீர்ந்தால் சுற்று முடிந்தது, யாரும் யாரையும் அடிக்காவிட்டாலும் முடிந்தது. இந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு அந்த அவசரம் பிடிக்காதாம். கடிகாரத்தை நிறுத்திக்கொள்ளும் வசதி வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டார்கள். மற்ற ஆட்டங்களில் அரை நாளில் முடிகிற அந்த வேலையோடு கணவன் வாரக்கணக்கில் மல்லுக்கட்டினான்.

"எங்க தொட்டாலும் கடிகாரம்தான் வருது. கதவைச் சாத்தி ஆணி அடிக்கிற மாதிரி அடிச்சு வெச்சிருக்கானுங்க" என்று சாப்பிடும்போது புலம்பினான். பிடிவாதக்காரன். ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தான்.

நடைவழியில் கூடுதலாக ஓர் உருவம் தெரிகிறது என்று அவள் பிழைப் பட்டியலில் பக் போட்டாள். அணியில் எல்லோரும் பார்க்கிற பட்டியல் அது. அவன் கண்ட்ரோலரை எடுத்து நாலு குத்து குத்திப் பார்த்துவிட்டு, எனக்கு வரவில்லை என்று எழுதி மூடினான். அவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, கை துறுதுறு என்று அடித்துக்கொண்டே இருந்தால் எப்படி வரும்? அவள் மறுபடி திறந்தாள். இந்த முறை அவன், டெஸ்டர் கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று எழுதி மூடினான். நாலு பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். போன் எடுத்தாலே 'எப்போ?' என்று ஆரம்பிப்பதால் 'எப்போ சார்' என்று பெயர் வாங்கிய மேலாளர் கூடப் போட்டார். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு கிடையாது. 'ப்பா' என்று கூப்பிடுவதை அவள் நிறுத்தினாள், 'ம்மா' என்று கூப்பிடுவதை அவன் நிறுத்தினான். பாத்திரங்கள் பேசிக்கொண்டன. பேட்டரி மாற்றுகிறேன் என்று அவள் அறைச் சுவரிலிருந்து அவன் கழற்றிக்கொண்டு போன கடிகாரம் திரும்பி வரவில்லை. ஆணியும் வட்டமாக ஒரு வெளுத்த தடமும் மட்டும் இருந்தன. கேட்டால் மாட்டிவிடுவான். அவள் கேட்கவில்லை. அவன் மேல் அவளுக்கு இன்னும் கொள்ளை ஆசை இருந்தது, அதுவே அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

அந்த மௌனத்தில் அவள் அந்த உருவத்தோடுதான் பொழுதைப் போக்கினாள். அதன் ஒழுங்கு சீக்கிரமே பிடிபட்டது. யாரும் அடிக்காமல் இருந்தால் ஓர் அடி எடுத்து வைக்கும். நிற்கும். வெகுநேரம் கழித்து இன்னோர் அடி. தாடிக்காரன் விட்ட குத்து சடைக்காரி மேல் விழுந்தால் அப்படியே நின்றுவிடும், காலைத் தூக்கியிருந்தால் தூக்கினபடி. குத்து தவறிப்போய்க் காற்றில் விழுந்தால் அதற்குக் கணக்கில்லை. குத்து ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து வரும், ஒருபோதும் பின்வாங்காது. இரண்டு பேரில் ஒருவர் விழுந்து எழுந்திருக்காமல் போனால் மட்டும் சுற்று முடிந்து, அடுத்த சுற்றில் மறுபடி கடைக்கோடியில், விளக்குக்கு அடியில் நிற்கும். முன்பெல்லாம் கடிகாரம்தான் சுற்றை முடித்து முடித்து அதை அங்கேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு நாள் மதியத்திலிருந்து மழை. சாயங்காலத்துக்கு முன்பே அறை இருட்டிவிட்டது. உருவம் அதுவரை வராத அளவுக்குக் கிட்டே வந்திருந்தது. தாடிக்காரனுக்கும் சடைக்காரிக்கும் நடுவில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அது நின்றதைப் பார்த்தும் அவள் கண்ட்ரோலரை எடுக்கவில்லை. படம் பிடித்து அவன் மூஞ்சியில் எறிய வேண்டும் என்கிற வீம்பு. அது கடைசி அடியை எடுத்து வைத்தது. திரையில் இரண்டு சண்டைக்காரர்கள் மட்டும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். உருவத்தைக் காணோம்.

அப்போதுதான் வீட்டு நடைவழியில் ஒரு காலடி கேட்டது.

அவர்கள் வீட்டிலும் நடைவழி உண்டு. வாசல் கதவிலிருந்து நேராக வரும். பாதி வழியில் அவன் அறை, எதிரே சமையலறை, கடைசியில் அவள் அறை. ஈரக் காலை ஓட்டுத் தரையில் மெல்லப் பதித்ததுபோல ஒரு சத்தம். சமாதானத்துக்கு வருகிறான் என்று நினைத்து அவள் நெஞ்சு வெட்கமில்லாமல் துள்ளியது. வரட்டும், நானாகப் போய் விழ மாட்டேன் என்று முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். மழைச் சத்தம். சமையலறைக் குழாயின் சொட்டு. பிறகு ஒரு வாசனை, வேர்த்த கையில் வெகுநேரம் காசைப் பொத்தி வைத்திருந்தால் வருமே, அந்த இரும்பு வாடை. இன்னோர் அடி.

எழுந்து போய்ப் பார்த்தாள். வாசல் பக்கத்து விளக்கு அழுது வடிந்துகொண்டிருந்தது. ஒருவரும் இல்லை. அவன் தன் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, விரல் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தான். வாசல் கதவு தாழ் போட்டபடியே இருந்தது. அவள் திரும்பி வந்து டிவியை அணைத்தாள். அது போதாதென்று கன்சோலின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

அடி கேட்டது. முன்னைவிடக் கிட்டே.

வெளியே போக இருந்தது வாசல் கதவு ஒன்றுதான். அந்தச் சத்தம் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. அவள் ஓடிப் போய் அவன் ஹெட்போனைப் பிடித்து இழுத்தாள்.

"யாரோ வந்திருக்காங்க. எழுந்திரு."

"இப்பதான் பேச வாய் வந்துச்சா?"

"விளையாடாத. நடைவழியில யாரோ நடக்கறாங்க."

அவன் எட்டிப் பார்த்தான். "ஒருத்தரும் இல்ல. மொதல்ல ஸ்கிரீன்ல பாத்த, இப்ப வீட்லயும் பாக்கறியா?"

அவள் அவன் கையைப் பிடித்துத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே போனது தப்பு. அந்த அறையிலிருந்து வெளியேற வேறு வழி கிடையாது. அது அப்போது தோன்றவில்லை, சத்தத்திலிருந்து விலகிப் போனால் போதும் என்றிருந்தது. அவள் சுவரை ஒட்டி நின்றாள். அவன் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளைப் பார்த்து நின்றான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"உனக்கு என்னிக்குக் கேட்டிருக்கு? நான் சொன்னா நீ என்னிக்குக் காதுல போட்டிருக்க?"

"ஆரம்பிச்சிட்டியா?"

"ஊரே சிரிக்கிற மாதிரி எழுதினியே, அப்ப நீ ஆரம்பிக்கலியா?"

"ஜோக்குக்கு எழுதினேன். அதுக்குப் போய் இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க. உன்கூட மனுஷன் குப்பை கொட்ட முடியுமா?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்த அந்தக் கணத்தில், வெளியே பாதி கேட்ட ஓர் அடி பாதியிலேயே நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒன்றும் இல்லை. வாடை மட்டும் அங்கேயே நின்றது. அவன் பெருமூச்சு விட்டுக் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான், சண்டை ஓய்ந்தபோதெல்லாம் செய்வதுபோல. பாதியில் நின்ற கால் தரையில் பதிந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம்.

"நீ ஒரு சுயநலம் பிடிச்சவன்" என்றாள். சத்தம் தொடர்ந்தது. அது அவனுக்கு வலிக்கவில்லை, எத்தனையோ தடவை சொன்னதுதான். காற்றில் விட்ட குத்து. "உன்னைக் கட்டிக்கிட்டதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு." நின்றது. எவ்வளவு நேரம்? அவன் முகம் தெளிகிற வரைக்கும்தான். மறுபடி ஓர் அடி. இன்னும் பலமாக வேண்டும். அவளுக்கு அவனைத் தெரியும், எங்கே குத்தினால் ஆழமாக இறங்கும் என்று தெரியும். இத்தனை வருஷத்தில் எந்தச் சண்டையிலும் அவள் தொடாத இடம் ஒன்று இருந்தது.

"உங்க அப்பா கடைசியாக் கூப்பிட்டப்பவும் நீ ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருந்த."

அவன் முகம் வெளுத்துப்போனது. வீடு முழுக்க அமைதி. மழைகூட விட்டதுபோல இருந்தது. சொன்ன வாயை அறுத்துக்கொள்ளலாம் போல அவளுக்கு அழுகை முட்டியது, அதற்கு நடுவிலும் காது வெளியேதான் இருந்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினான். குரல் தணிந்திருந்தது.

"ஆமா. நெசம்தான்."

"இன்னும் கேளு..."

"வேணாம் ம்மா. எவ்ளோ பயந்து போயிருந்தா இதைச் சொல்லியிருப்ப." அவன் கண் கலங்கியிருந்தது. "நாலு பேர் முன்னாடி அப்படி எழுதியிருக்கக் கூடாது. தப்பு என்னுதுதான். நாளைக்கு எல்லார் முன்னாடியும் அதையும் எழுதறேன். சண்டை போதும் ம்மா."

இத்தனை நாளாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். இந்த 'ம்மா'வுக்குத்தான்.

அடி.

"இல்ல, சண்டை போடு. என்னைத் திட்டு."

"மாட்டேன்."

அடி.

"நீ உருப்பட மாட்ட. நீ ஒரு தண்டம். நீ..." அவன் சிரித்தான். அழுதுகொண்டே சிரித்தான். ஒன்றும் தைக்கவில்லை.

அடி. வாடை தொண்டையில் ஏறியது. கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு, விரல்கள்.

அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள்.

நின்றது. அவன் தோளுக்குப் பின்னால், அறை வாசற்படியில், ஒரு காலைத் தூக்கினபடி. இவ்வளவு கிட்டே வந்தும் அதற்கு முகம் கூடவில்லை. திரையில் கடைக்கோடியில் நின்றபோது இருந்த அதே நாலைந்து சதுரங்கள்தான். இப்போது ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று.

"திரும்பாத" என்றாள். "திரும்பிப் பாக்காத. என்னை அடி."

"என்ன ம்மா ஆச்சு உனக்கு?"

"அடிப்பா. கால்ல விழறேன். அடி."

"நான் உன்னை அடிக்க மாட்டேன்."

தூக்கிய கால் இறங்கியது. அறைக்குள்ளே.

அவள் கையை மடக்கிக் குத்தினாள். அவன் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவன் பின்வாங்கினான், அதன் பக்கமாக. அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து மறுபடி குத்தினாள். நின்றது. விரல் முட்டி விண்விண்ணென்று வலித்தது. மூச்சு வாங்கியது. அது காத்திருந்தது. அதற்கு அவசரம் இல்லை.

ஒருத்தர் விழ வேண்டும். விழுந்து எழுந்திருக்கக் கூடாது. அப்போதுதான் சுற்று முடியும்.

அவள் சுவரைப் பார்த்தாள். ஆணி. வெளுத்த வட்டம்.

அவள் கை பின்னால் மேசையைத் துழாவி, தடித்த கண்ணாடிக் கோப்பையைப் பிடித்தது. டீ இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ஒண்ணும் இல்ல ம்மா" என்றான் அவன், உதட்டில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல். "எல்லாம் சரியாயிடும். இங்க வா."

அவளை அணைத்துக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்தான். அவனுக்குப் பின்னால், அவன் கைகளைவிட நீளமாக, இன்னும் இரண்டு கைகள் விரிந்தன.