ஒன்பதாவது மோட்டார்

மாங்கூழ் சீசன் முடிந்து, சித்தூருக்கு வெளியே இருந்த ஆலையில் மெயினை அணைத்துப் பூட்டிய பிறகும், வரிசையில் கடைசியாக நின்ற ஒன்பதாவது மோட்டார் அதிர்ந்துகொண்டிருந்தது.

திருப்பதி அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஏ.சி.யின் உறுமலுக்கும் யாரோ மூடாமல் விட்டுப்போன சாம்பாரின் புளிப்பு வாசனைக்கும் நடுவே தனியாக உட்கார்ந்து கௌசிகா அதன் அதிர்வுக் கோட்டைத் திரையில் பார்த்தாள். இயந்திரம் பழுதாகும் முன்பே அதை அதிர்விலிருந்து கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. ஒவ்வொரு மோட்டாரிலும் காந்தத்தால் ஒட்டிய சிறிய சென்சார், தன் பாட்டரியில் ஓடி, அதிர்வை அனுப்பிக்கொண்டிருக்கும். கரண்ட் இல்லாத ஆலையில் கோடு எழக்கூடாது. இது எழுந்து, விழுந்து, எழுந்தது. சுழலும் எதுவும் இப்படி அதிராது.

ஆலைக் காவலர் வேணுவுக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"பெருச்சாளி மேடம். மாங்கொட்டையா துன்னு துன்னு கன்னுக்குட்டி மாதிரி ஆயிப்போச்சு."

"சென்சார் கெட்டிருக்கும்ண்ணா. கழட்டியாந்து உங்க ரூம்ல வெச்சிடுங்க."

சந்தேகம் வந்தால் சென்சாரைக் கழற்றச் சொல்வதே வழக்கம். அதற்காக உள்ளே போகும் ஆளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அவளும் யோசிக்கவில்லை.

ஃபோனில் ஷட்டர் கிறீச்சிட்டு ஏறுவது கேட்டது. புளித்த கூழ் நாற்றத்தைத் தெலுங்கில் திட்டிக்கொண்டே வேணு உள்ளே நடந்தார்.

"புடுங்கிட்டேன். மோட்டார் சில்லுனு கீது. சட்டைப் பையில போட்டுக்கினேன்."

ஒன்பதாவது கோடு இப்போது அவர் நடையைக் காட்டியது. அடிக்கு ஒரு துள்ளல். சென்சாரில் கோளாறு இல்லை.

எட்டாவது கோடு எழுந்து அடங்கியது. ஏழாவது. ஆறாவது. வாசலை நோக்கி, வரிசையாக. மனிதன் கடந்து போவதால் அந்த இரும்பு அசையாது.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"மூணாவது மோட்டாராண்ட."

ஐந்து எழுந்தது.

"ஓடுங்க."

"எதுக்கு மேடம்?"

நான்கு.

"வெளிய ஓடுங்க!"

அவர் பையிலிருந்த சென்சாரின் கோடு கிறுக்கியது. மூச்சிரைப்பு. மூன்று. இரண்டு. ஏதோ விழுந்த சத்தம். ஷட்டர் மோதியது.

எல்லாக் கோடுகளும் படுத்தன.



"வேணு அண்ணா?"

"வெளிய வந்துட்டேன் மேடம். இந்த வயசுல ஓட வெக்கிறீங்களே." சிரித்தார். சரளைக்கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. சரக். சரக்.

அவள் திரையைப் பார்த்தாள்.

"சென்சார் எங்கண்ணா?"

"பையிலதான் கீது."

"தட்டுங்க."

டொக். டொக். ஃபோனில் தெளிவாகக் கேட்டது.

ஒன்பதாவது கோடு அசையவில்லை. சிக்னல் இருந்தது. பாட்டரி இருந்தது. எண்கள் வந்துகொண்டே இருந்தன. நடக்கிற, பேசுகிற மனிதனின் நெஞ்சுக்கு மேலிருந்து. பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

"மேடம்," என்றது வேணுவின் குரல். "ஆபீஸ்ல ஒண்டியாவா கீறீங்க?"

திரை அந்தக் கோட்டின் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தது: நல்ல நிலை.